அலையை நிறுத்திய பத்து நிமிடம்

செசிலிக்கு இதைச் சொல்லவே பயம். வரிசை மாறிச் சொல்லிவிடுவோமோ, மீனை முதலில் சொல்லிப் பிள்ளையைப் பிறகு சொல்லிவிடுவோமோ, மோட்டாரை நிறுத்தியதைச் சொல்ல மறந்துவிடுவோமோ, மறந்தால் கேட்கிறவர்கள் 'மீன் செத்திருக்கும், தூக்கிப் போட்டுவிட்டு இவள் கதை கட்டுகிறாள்' என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டாவது தடவை கொஞ்சம் மாற்றிச் சொல்லி, அதனாலேயே பொய்க்காரி ஆகிவிடுவது அவள் வழக்கம். தூத்துக்குடியில் அவள் குடியிருக்கும் தெருவில் இந்தக் கதையை ஏழெட்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்றில் அவள் தன் வலது கையையே கனடாவுக்கு அனுப்பிவிட்டதாக வருகிறது. அது பொய். இரண்டு கைகளும் அவளிடம்தான் இருக்கின்றன. ஆகவே, பயம் பயமாகவே இருக்கட்டும், முதலில் நடந்தது முதலில்.

முதலில் பிள்ளை. ஜோவிட்டா, ஒரே மகள், மீன்வளக் கல்லூரியில் படித்தவள். அப்பா இறந்துபோன வருடத்தில், வீட்டில் ஏதாவது உயிர் அசைந்துகொண்டிருக்கட்டும் என்று முன்னறையில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தாள். அடுத்த வீட்டு எப்சியின் புருஷன் லியோன் படகில் போய்வரும்போது கரைக்கு எட்டாத தெளிந்த கடல்நீரை நீலக் கேன்களில் மொண்டு வருவார். அந்தத் தண்ணீர்தான் தொட்டி நிறைய. அதற்குள் பாறை, பாறைமேல் சட்டைப் பொத்தான் மாதிரியும் காளான் மாதிரியும் விரிந்து சுருங்கும் பவளப் பூக்கள், அவற்றுக்கு நடுவே பெரியவள், சின்னவன் என்று இரண்டு கோமாளி மீன்கள். பவளம் என்றதும் வனத்துறைக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து, அவற்றைச் சென்னைக் கடையில் வாங்கியதற்கான பில்லை லேமினேஷன் செய்து, வாசலைத் திறந்ததும் கண்ணில் படும்படி திருக்குடும்பப் படத்துக்குக் கீழே செசிலி மாட்டிவைத்திருந்தாள். யாரும் வந்து கேட்கவில்லை. அவள் கழற்றவும் இல்லை.

பிறகு ஜோவிட்டா கனடாவுக்குப் போனாள். எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க இரண்டு நாள் ஆகும் ஊர் அது என்று சொன்னாள். ஒரு ரொட்டிக் கம்பெனியில் விடியற்காலை வேலை. தங்குவதற்கான காகிதம் கைக்கு வரும்வரை ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியாது. காகிதமோ மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்தது. செசிலி போய்ப் பார்க்கலாம் என்றால் விசாவை இரண்டு தடவை மறுத்துவிட்டார்கள். இந்தக் காரணத்துக்காக என்று ஒரு கடிதமும் கொடுத்தார்கள். அதைப் படித்துச் சொல்ல ஜோவிட்டாவுக்கே அனுப்ப வேண்டியிருந்தது.

ஆகவே மகள் தினமும் ஒன்றுதான் கேட்பாள். "யம்மா, தொட்டி எப்படி இருக்கு? ஒரு போட்டோ அனுப்பு."

செசிலி எடுத்து அனுப்புவாள். எல்லாம் நீலமாகப் போகும்.

"யம்மா, இது என்னதும்மா, சொட்டு நீலம் கலக்குன வாளியா? மீன் எங்க? பூவு எங்க?"

"எனக்கு என்னளா தெரியும்? கண்ணால பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த போனுக்குத்தான் கண்ணு அவிஞ்சிபோச்சு."

மகள் குரல் பதிவாகச் சொல்லித் தந்தாள். செசிலி ஒவ்வொன்றையும் மூன்று தடவை கேட்டு, ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டாள். கண்ணாடியின் உட்பக்கப் பாசியைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டு. வெளிப்பக்கத்தை வேட்டித்துணியால் துடை. ஜன்னலைச் சாத்து, டியூப்லைட்டை அணை, போனின் பளிச் வெளிச்சத்தையும் அணை. வெளிர்நிறம் உடுத்தாதே, உன் நிழல் கண்ணாடியில் விழும், கறுப்பு உடுத்து. நீலத்தை வெட்ட லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு நிறக் கண்ணாடித்தாள் ஒட்டு. போனைச் சாய்க்காதே, கண்ணாடிக்கு நேரே பிடி. அலை மோட்டாரை நிறுத்து. தண்ணீர் நின்றால்தான் பூ நிற்கும், பூ நின்றால்தான் படம் நிற்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தாதே, யம்மா, உள்ளே இருக்கிறவற்றுக்கு மூச்சு முட்டும்.

இதில் கடைசி வரிக்குக் கீழே செசிலி இரண்டு கோடு போட்டாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், பெரிய வெள்ளிக்கிழமைக்கு மட்டும் கட்டும் கறுப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு, போன வருடக் கிறிஸ்துமஸ் ஸ்டாரிலிருந்து கிழித்த ஆரஞ்சுத் தாளை லென்ஸில் ஒட்டி, மோட்டாரை நிறுத்தி, மூச்சைப் பிடித்து, அவள் சின்னவனை எடுத்தாள். எடுத்ததைப் பார்த்தாள். செதிலைத் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. வெள்ளைப் பட்டையின் ஓரத்தில் இருந்த மெல்லிய கறுப்புக்கோடு, அதை அவள் நேரில்கூடப் பார்த்ததில்லை.

அனுப்பினாள். அங்கே விடியற்காலை, மகள் வேலைக்கு எழும் நேரம். ஒரு டிக் விழுந்தது, இரண்டு டிக் விழுந்தது, இரண்டும் நீலமாயின. தொட்டியில் சின்னவன் இல்லை.

பாறைக்குப் பின்னால் பார்த்தாள், வடிகட்டிக்குள் பார்த்தாள், துள்ளி விழுந்திருக்குமோ என்று சோபாவுக்கு அடியில் விளக்குமாற்றை விட்டுத் துழாவினாள், வாசலில் படுத்திருந்த பூனையின் வாயை முகர்ந்துபார்த்தாள். அதற்குள் போன் அடித்தது.

"யம்மா," ஜோவிட்டா சத்தம் போடாமல் பேசினாள், கூடத் தங்கியிருப்பவர்கள் தூங்குகிறார்கள். "என் தண்ணி ஜக்குல சின்னவன் நிக்கான்."

"நல்ல தண்ணியிலயா? ஏட்டி, உப்புப் போடு! செத்துருவான்!" என்றாள் செசிலி. எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை. ஒருத்தி இந்தப் பக்கம் அழுதாள், ஒருத்தி அந்தப் பக்கம் உப்புக்கு அலைந்தாள். மீன் சாமான் விற்கும் கடை திறக்கும்வரை சமையல் உப்பை அளந்து கலக்கிச் சின்னவனைப் பிழைக்க வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நல்ல படம் ஒவ்வொன்றும் போனது. பச்சைப் பொத்தான் பூ போனது, சிவப்புக் காளான் பூ போனது, மகள் அங்கே ஒரு சின்னத் தொட்டி வாங்கினாள், இங்கே பாறையில் வழுக்கை விழ அங்கே பாறையில் பூ விழுந்தது. முழுக்க மங்கிய படம் எதையும் கொண்டுபோகவில்லை. பார்க்காத படமும் கொண்டுபோகவில்லை. இரண்டு டிக்கும் நீலமானால்தான் போகும். அங்கிருந்து இங்கே எதுவும் வராது. ஜோவிட்டா எவ்வளவோ எடுத்துப் பார்த்தாள். அவளுடையது பாக்கெட் உப்பைக் கலக்கிய தண்ணீர். அதற்கு வழி தெரியவில்லை.

ஒருநாள் ஒரு பூவோடு கூடவே, தொட்டிக்குப் பின்னால் செசிலி மறந்து வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரும் போய்விட்டது.

"யம்மா, அப்பா பேரு வெட்டுன டம்ளரு," என்றாள் ஜோவிட்டா. பிறகு, "இன்னைக்கு அதுலதான் காப்பி குடிச்சேன்."

தண்ணீருக்கு ஊடாகத் தெரிகிற எதுவும் போகும் என்பது இப்படித்தான் தெரிந்தது. செசிலி இதை எப்சியிடம் மட்டும் சொன்னாள். எப்சியிடம் மட்டும் சொல்வது என்றால் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வது.

மறுநாளே எப்சி ஒரு பொட்டலத்தோடு வந்துவிட்டாள். அவள் மகன் தோஹாவில் இருந்தான். "மைனி, கொஞ்சம் சாளைக் கருவாடு. பய கேட்டுக்கிட்டே கெடக்கான். தொட்டிக்குப் பின்னால வச்சு ஒண்ணு எடுத்து விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏளா, அது மீன் தொட்டிளா. கருவாட்டப் பாத்தா பெரியவ என்ன நெனைப்பா?"

"சொந்தக்காரவுகதான, கோவிக்க மாட்டா."

கருவாடு போனது. தெருவே வந்தது. மஸ்கோத்து அல்வா வந்தது, மக்ரூன் வந்தது, அரைத்த மசாலா வந்தது, மருமகளுக்குத் தைத்து அளவு பார்க்காத ரவிக்கை வந்தது, பேரப்பிள்ளை கேட்ட பம்பரம் வந்தது. மதியம் மூன்றிலிருந்து நான்குவரை செசிலியின் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. பங்குச் சாமியார் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நோன்புக் காலத்தில் அல்வா அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தெருமுக்குக் கூரியர் கடைக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவரும் ஷார்ஜாவில் இருக்கும் தங்கைக்கு ஒரு டப்பா முறுக்கோடு வரிசையில் நின்றார், டப்பாவைப் பழக்கதோஷத்தில் நன்றாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு. "பிரிங்க அண்ணாச்சி, பிரிங்க. கட்டோட எடுத்தா கட்டுதான் போவும்," என்றாள் எப்சி. அவள் இப்போது வரிசையை ஒழுங்குபடுத்துகிறவளாகிவிட்டாள்.

ஒரே ஒரு தடவைதான் பிசகியது. எப்சியின் மாங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுக்கும்போது கரண்டு போய், இன்வெர்ட்டர் பிடித்து, நிறுத்தியிருந்த மோட்டார் தானாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. படம் லேசாக ஆடியிருந்தது. "பரவால்ல மைனி, ஊறுகாதான, விடுங்க," என்றாள் எப்சி. ஆடியது ஆடியபடியே போய்ச் சேர்ந்தது. பாட்டிலுக்கு ஓரம் இல்லை, பிடித்தால் கை எங்கே முடிகிறது பாட்டில் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை, மூடியைத் திறக்க மூடி இருக்கிற இடம் அகப்படவில்லை. வாசனை மட்டும் அறை முழுவதும் இருந்தது. மகன் அதைத் தூக்கிப் போடவும் முடியாமல் தின்னவும் முடியாமல் ஜன்னலில் வைத்துக்கொண்டு தினமும் முகர்ந்து பார்த்தான். "முன்னால உன் ஞாபகம் எப்பவாச்சும் வரும். இப்ப சோத்துல கை வைக்கும்போதெல்லாம் வருது. ஏம்மா இத அனுப்புன?" என்று போனில் கேட்டான். எப்சி அன்று வரிசையை ஒழுங்குபடுத்த வரவில்லை.

ஆளை அனுப்புவது பற்றித் தெருவில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. ஆனால் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தை எல்லாரும் ஒரு தடவையாவது கண்ணால் அளந்தார்கள். ஓர் ஆள் நிற்கலாம்.

ஜோவிட்டாதான் முதலில் சொன்னாள், சிரிப்பாக. "நீயே பின்னால போய் நில்லேன் யம்மா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். செசிலியும் சிரித்தாள். பிறகு செசிலியின் பக்கத்தில் மோட்டார் ஓடுவதும், மகளின் பக்கத்தில் வேறொரு சின்ன மோட்டார் ஓடுவதும் கேட்டன. அதற்குப் பிறகு மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருநாள் தன் அறையின் படத்தை அனுப்பினாள். அதில் புதிதாக இன்னொரு கட்டில் இருந்தது. இன்னொரு நாள் அந்தக் கட்டில்மேல் ஒரு கம்பளி. இன்னொரு நாள் கம்பளியின்மேல் ஒரு ஜோடி காலுறை, தடித்த கம்பளிக் காலுறை, செசிலியின் கால் அளவு.

அந்தக் காலுறையைச் செசிலி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். இழைக்கு இழை தெரிந்தது. நல்ல படம். அது வரவில்லை.

தான் போவதென்றால் தானே எடுக்க முடியாது, தான்தானே நிற்க வேண்டும். எப்சியை எடுக்கச் சொல்லிச் சோதனைக்குத் தன் செருப்பை வைத்தாள். எப்சிக்குக் கை நடுங்கிப் படம் முழுக்க மங்கல், செருப்பு வாசலிலேயே கிடந்தது. ஆகவே ஒரு மதியம், இன்று யாருக்கும் இல்லை என்று கதவைச் சாத்திவிட்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து நிறுத்தி, பத்து எண்ணியதும் தானாக எடுக்கும்படி வைத்து, நீலத்தில் பூப்போட்ட நல்ல சேலையும் கழுத்தில் ஜெபமாலையும் கையில் ஒரு பையில் மாற்றுத் துணியும் சுகர் மாத்திரையும், லேமினேஷன் செய்த பில்லுமாக, அங்கே கேட்டால் காட்ட வேண்டுமே, மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

அசையாமல் நிற்பது அவள் வாழ்நாளில் செய்யாத வேலை. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போதுகூட வீட்டில் கேஸை மூடினோமா என்று திரும்புகிறவள். ஒன்று, இரண்டு, என்று போன் எண்ணியது. ஏழில், தண்ணீருக்கு ஊடாகப் பெரியவளைப் பார்த்தாள். சின்னவன் போன நாளிலிருந்து தனியாக இருந்தவள். பூ ஒன்றும் மிச்சமில்லாத பாறையின் மூலையில், அவன் வழக்கமாகப் படுத்திருந்த பள்ளத்தை வாலால் விசிறிக்கொண்டிருந்தாள். 'இவளுக்கு நாளைக்கு யார் தீனி போடுவார்கள்' என்று செசிலி நினைத்தாள். நினைத்ததும் தலை திரும்பிவிட்டது. போன் எடுத்துவிட்டது.

படத்தில் சேலையின் பூக்கள் தெளிவாக இருந்தன, பை தெளிவாக இருந்தது, பில்லில் இருந்த எழுத்துகூடத் தெரிந்தது. முகம் மட்டும் இரண்டு பக்கமும் இழுபட்டு, புகை மாதிரி, ஓரம் இல்லாமல் இருந்தது.

இன்னொன்று எடுத்திருக்கலாம். ஆனால் இன்னொன்றிலும் தலை திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். எத்தனை எடுத்தாலும் திரும்பும். இந்த ஒன்றில் கையாவது நன்றாக விழுந்திருக்கிறது. கை போய்ச் சேர்ந்தால் மகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடலாம். அனுப்பிவிட்டாள்.

ஒரு டிக். இரண்டு டிக். சாம்பல் நிறத்தில் நின்றன. அங்கே இன்னும் அலாரம் அடிக்கவில்லை.

செசிலி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகம் இல்லாத ஒருத்தி அந்தக் கட்டிலில் கிடப்பதை நினைத்துப் பார்த்தாள். மகள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருப்பாள். ஓரம் அகப்படாத வாய்க்குக் கஞ்சி ஊட்டப் பார்ப்பாள். தூக்கி எறியவும் மாட்டாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அம்மாவும் இருக்க மாட்டாள். வாசனை மட்டும் அறை முழுவதும் இருக்கும். தோஹாவில் ஜன்னலில் இருக்கும் ஊறுகாய் நினைவு வந்தது. எப்சியின் மகன் கேட்ட கேள்வி நினைவு வந்தது.

அப்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் பெரியவள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தாள். மோட்டார். பத்து நிமிடம் எப்போதோ முடிந்து, இருபதும் முடிந்திருந்தது. "மாதாவே!" என்று எழுந்து ஓடிச் சுவிட்சைப் போட்டாள், தொட்டியில் அலை எழுந்தது, அதே வேகத்தில் போனை எடுத்து, படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து, எல்லாருக்கும் அழி என்றிருந்ததை அழுத்தினாள். 

கொஞ்ச நேரத்தில் மகளின் செய்தி வந்தது. "என்னம்மா அழிச்ச?"

"ஒண்ணுமில்ல மக்கா. கை ஆடிப்போச்சு."

மகள் எழுதுகிறாள், எழுதுகிறாள் என்று வெகுநேரம் காட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வரி வந்தது. "மங்கலா இருந்தாலும் பரவாயில்லம்மா."

செசிலி எழுந்து சேலையை மாற்றிக் கறுப்பைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் மூச்சு வாங்கித் தெளியும்வரை காத்திருந்து, மறுபடி மோட்டாரை நிறுத்தி, போனைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, அவளை எடுத்தாள். தான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இன்றும் சொல்வாள். பெரியவளின் கண்ணுக்குள் அறையின் சாத்திய ஜன்னல்கூடத் தெரிந்தது. அனுப்பினாள். இரண்டு டிக்கும் நீலமாயின.

"யம்மா," என்று மகளின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் உரசிக்கிட்டு நிக்காங்க. சின்னவன் நடுங்குறான்." பிறகு கேட்டாள், "நீ வர மாட்டியாம்மா?"

"காகிதம் வரட்டும் மக்கா. உனக்கு வந்தா நீ வா. எனக்கு வந்தா நான் வாரேன். முழுசா வாரேன்."

அன்றே லென்ஸிலிருந்து ஆரஞ்சுத் தாளை உரித்துத் தூரப் போட்டாள். அழித்த படம் போனுக்குள்ளேயே குப்பையில் முப்பது நாள் கிடக்கும் என்று கேள்விப்பட்டு, யாராவது எடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று முப்பது நாளும் அந்தப் போனை வேறு யார் கையிலும் கொடுக்காமல், குளிக்கப் போனால் அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டுப் போனாள். தெரு ஒரு வாரம் முனகியது. "செசிலிக்குக் கண்ணு மங்கிட்டு," என்று எப்சிதான் எல்லாரிடமும் சொல்லி அனுப்பினாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். பிறகு எல்லாரும் பொட்டலங்களோடு முக்குக் கடைக்குப் போய் வரிசையில் நின்றார்கள். கூரியர்காரர் மறுபடி கட்டிக் கட்டி ஒட்டினார்.

ஆனால் பழகிய கை, தானாகவே நேரே பிடித்துவிடும், தானாகவே மூச்சை அடக்கிவிடும் என்று செசிலிக்குப் பயம் போகவில்லை. ஆகவே ஒரு வழி செய்துகொண்டாள். காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்ததும், விரலில் மிச்சம் இருப்பதைப் போனின் லென்ஸில் ஒரு தடவு தடவுவாள். வெறும் பாறையும் தண்ணீரும் உள்ள தொட்டியில் மோட்டார் முழுவேகத்தில் ஓடும். ஜன்னல் திறந்திருக்கும், டியூப்லைட் எரியும், பூப்போட்ட வெளிர்நிற நைட்டியோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று, போனைச் சாய்த்துப் பிடித்து, டைரியில் எழுதிய எல்லாவற்றுக்கும் மாறாக ஒன்று எடுத்து அனுப்புவாள்.

"தொட்டியே தெரியல யம்மா," என்பாள் மகள். "கண்ணாடில நீதான் தெரியுற. எண்ணெய் வச்ச தலையோட."

"அப்படியா? சரியா வரல போல."

இரண்டு டிக்கும் நீலமானதும் செசிலி, ஏதாவது போயிருக்குமோ என்று ஒரு கையால் மறு கையைத் தொட்டுப் பார்ப்பாள், பிறகு கன்னத்தை, பிறகு காதை. எல்லாம் இருக்கும். ஒவ்வொரு நாளும் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். போனைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சநேரம், இன்னும் தொட்டுப் பார்க்காத இடம் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தேடுவாள்.